ப்ரீடரிடம் வாங்குவதா, கைமாறி வரும் பறவையை எடுப்பதா?

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு வழி சுலபம். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற இடத்துக்குப் போனால் நாட்டு நாய்க்குட்டிகள் காத்திருக்கும். பிடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரலாம். பறவைக்கு அப்படி ஒரு வாசல் நம் ஊரில் இன்னும் சரியாக அமையவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ளவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "நானும் ரெஸ்க்யூவில்தான் எடுப்பேன்" என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள். மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்து, கோடை வெயிலில் சுருண்டு விழுந்த குயில், கூண்டோடு பறிமுதலான பச்சைக்கிளி என்று நம் மீட்பு மையங்களுக்கு வருபவை இந்த மண்ணின் பறவைகள். தேறினால் அவற்றைப் பறக்க விடுவார்கள், வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம். நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மொட்டைமாடியிலோ ஷெட்டிலோ ஜோடி போட்டுக் குஞ்சு எடுத்து விற்கும் ப்ரீடர் ஒன்று. கடை அல்லது சந்தை இரண்டாவது. வெளியூர் மாற்றல், கைக்குழந்தை, வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா என்று ஏதோ ஒரு காரணத்தால் வளர்த்தவரே வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட நினைக்கும் பறவை மூன்றாவது. ரெஸ்க்யூ என்ற பெயரில் இங்கே நடைமுறையில் கிடைப்பது இந்த மூன்றாவதுதான். புதிதாக வளர்க்க வருபவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்த்தால் பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்தப் பறவையை வைத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பச்சைக்கிளி கூடாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் "கிளி வளர்க்கணும்" என்று ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது அதுதான். சிவந்த மூக்கும் கழுத்தில் வளையமும் கொண்ட நம் ஊர்க் கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, மலை மைனா, சந்தையில் சாயம் பூசிக்கூட விற்கப்படும் முனியா எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பாட்டி வீட்டுத் திண்ணையில் கூண்டு தொங்கியது உண்மைதான், கோயில் வாசலில் ஜோசியக் கிளி இருந்ததும் உண்மைதான். ஆனால் 1990-91லேயே இந்தியப் பறவைகளைப் பிடித்து விற்பதற்குத் தடை வந்துவிட்டது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்து, எச்சரித்து அனுப்பியது நினைவிருக்கலாம். கிளிகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையோடு முடிந்தது அவருடைய அதிர்ஷ்டம். சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"இது பொந்துல இருந்து எடுத்தது இல்ல சார், கூண்டுல பொரிச்சது" என்பார் விற்பவர். அதே கிளியின் நீல நிறம், மஞ்சள் நிறம் என்றும் காட்டுவார். நிறம் மாறினாலும் இனம் ஒன்றுதான். முதல் பறவைக்கே வழக்கறிஞரைத் தேட வேண்டாம், விட்டுவிடுங்கள். மரத்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு உங்கள் கையில் கிடைத்தால் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கோ விலங்கு நல அமைப்புக்கோ சொல்லுங்கள். "நாமே வளர்த்துக் காப்பாற்றுவோம்" என்று தொடங்குவது மனிதனிடம் பழகிய, திரும்பப் பறக்க விட முடியாத கிளியில்தான் போய் முடியும்.

வைத்திருக்கக் கூடியவை வெளிநாட்டு இனங்கள். பட்ஜி என்னும் சின்னக் கிளி, தலையில் கொண்டையுள்ள காக்டெயில், பீச் நிற முகமுள்ள லவ் பேர்ட், சீப்ரா ஃபிஞ்ச், பெங்காலி ஃபிஞ்ச் என்னும் சிறு குருவிகள் ஆகியவற்றுக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நம் கடைகளில் வெறுமனே "லவ் பேர்ட்ஸ்" என்றால் பட்ஜியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உண்மையான லவ் பேர்ட் வேண்டுமென்றால் "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று கேட்க வேண்டும். விலையும் வேறு, குணமும் வேறு, கடியும் வேறு.

கன்யூர், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே ஆகிய கிளி வகைகள், ஃபிஷர் லவ் பேர்ட், ஜாவா ஸ்பாரோ போன்றவை வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இவற்றை நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கைமாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதை இனப்பெருக்கம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். எனவே இந்த இனங்களை யாரிடமிருந்து எடுத்தாலும், காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பதிவுத் தாளைப் பார்க்காமல் கூண்டைத் தொடாதீர்கள். "ஃப்ரீயா தர்றேன், தாள் எல்லாம் எதுக்கு" என்கிறவரிடமிருந்து வரும் பறவையோடு அவருடைய தலைவலியும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது படி: வருடத்தையும் மணி நேரத்தையும் கணக்குப் போடுங்கள்

ப்ரீடரா, கைமாறிய பறவையா என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடும். ஃபிஞ்ச் ஐந்தாறு வருடம் இருக்கும். பட்ஜி ஐந்திலிருந்து பத்து வருடம், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் பத்திலிருந்து பதினைந்து. காக்டெயில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபதைத் தொடும். கன்யூர் இருபதைத் தாண்டும். கிரே உங்களுக்கு முன்னால் போகும் என்று உறுதியில்லை, நாற்பது ஐம்பது வருடம் வாழும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை கேட்கிறது என்று காக்டெயில் வாங்கினால், அது வேலைக்குப் போய், கல்யாணமாகி, வெளிநாடு போன பிறகும் பறவை உங்கள் வீட்டில்தான் இருக்கும். கைமாற்றத்துக்கு வரும் பறவைகளின் பின்கதை பெரும்பாலும் இதுதான். இன்னொன்று சத்தம். சன் கன்யூர் கத்தினால் அடுக்குமாடியில் இரண்டு தளம் தள்ளிக் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அசோசியேஷன் கூட்டம் வரை போன கதைகள் உண்டு.

தினமும் இரண்டு மணி நேரமாவது உங்களால் அதனோடு இருக்க முடியுமா? முடியாது என்றால் ஒற்றைப் பறவை வேண்டாம், பட்ஜி ஜோடி எடுங்கள். அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும், உங்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதுவும் ஒரு நல்ல வாழ்க்கைதான்.

மூன்றாவது படி: பறவைக்கு முன்னால் மருத்துவரைப் பிடியுங்கள்

தெருமுனை கால்நடை மருத்துவர் நாய், பூனைக்கு நல்லவராக இருப்பார். முப்பது கிராம் பறவையைக் கையில் பிடிக்கவே தனிப் பழக்கம் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே கல்லூரிகள் உண்டு. நாமக்கல்காரர்களுக்குக் கோழி மருத்துவம் அத்துப்படி. கிளிக்கும் கோழிக்கும் நோய்கள் வேறு என்றாலும், பறவையைப் பிடிக்கத் தெரிந்த கை என்பதே பாதி நிம்மதி. தனியார் மருத்துவர் என்றால் முன்கூட்டியே போன் செய்து, "காக்டெயில் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேட்டு எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். பறவை உடம்புக்கு முடியாமல் சுருண்டு உட்காருவது இரவு எட்டு மணிக்குத்தான்.

சந்தை பற்றி ஒரு பத்தி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பிராட்வே பக்கக் கடைகள் எல்லாம் போய்ப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள். பல ஊர்ப் பறவைகளை ஒரே கூண்டில் அடைத்து, ஒரே தண்ணீரைக் குடிக்க வைத்திருக்கும் இடத்தில் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவ ஒரு பகல் போதும். கடைகளுக்கென்றே 2018இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த கடைதான் விற்கலாம். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு சட்டென்று வேறு பக்கம் போகும். அங்கே வாடிக்கிடக்கும் ஒன்றைப் பார்த்து மனசு கேட்காமல் "காப்பாற்றி"க் கொண்டுவருவதும் வாங்கியதுதான். நீங்கள் கொடுத்த பணத்தில் அடுத்த வாரம் அதே கூண்டில் வேறு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நான்காவது படி: ப்ரீடர் வீட்டுக்கு நேரில் போங்கள்

நேரில் வரச் சொல்லாத ப்ரீடரிடம் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படம், ஜிபேயில் முன்பணம், ஆம்னி பஸ்ஸில் பெட்டி என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. உயிருள்ள ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டு இரவு முழுக்க லக்கேஜோடு அனுப்புகிறவர் அதை எப்படி வளர்த்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நல்ல ப்ரீடர் சில சமயம் உங்களைக் கூண்டுக்கு மிக அருகில் விட மாட்டார். வேறு இடத்தில் பறவை தொட்ட கையோடும் செருப்போடும் நோய் வரும் என்று அவருக்குத் தெரியும். "நீங்க இன்னைக்கு வேற எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அங்கே போனதும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். எச்சத்தின் லேசான வாடை இருக்கும், அது இயல்பு. கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை இருக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தில் எச்சம் மிதக்கிறதா? தீனிக் கிண்ணத்தில் உமி மட்டும் கிடக்கிறதா? முட்டையிட பட்ஜிக்கு மண்பானையும் காக்டெயிலுக்கு மரப்பெட்டியும் கட்டியிருப்பார்கள். ஒரு ஜோடிக்கு வருடத்தில் எத்தனை முறை குஞ்சு எடுக்கிறார் என்று சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "ரெண்டு தடவை, அப்புறம் பானையை எடுத்துருவேன்" என்கிறவர் பறவையைப் பார்க்கிறார். "நிறுத்தவே நிறுத்தாது சார், வருஷம் பூரா" என்று பெருமைப்படுகிறவர் காசைப் பார்க்கிறார். அந்தத் தாய்ப் பறவையின் கால்சியமெல்லாம் முட்டை ஓட்டுக்கே போயிருக்கும், குஞ்சும் வலுவாக இருக்காது.

பிறகு காலைப் பாருங்கள். மூடிய வளையம் இருந்தால் நல்லது. குஞ்சுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆவதற்குள்தான் அதைப் போட முடியும், வளர்ந்த காலில் நுழையாது. அதனால் அது கூண்டில் பிறந்தது என்பதற்கு ஓரளவு சாட்சி. வாயுள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டிவிடலாம், அதை நம்பாதீர்கள். வளையம் இல்லாத பட்ஜி மோசமானது என்றும் இல்லை, சின்ன ப்ரீடர்கள் பலர் போடுவதில்லை.

வயதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. இளம் பட்ஜிக்கு நெற்றி முழுக்க, மூக்குக்கு மேலுள்ள மெழுகு போன்ற சதை வரை கோடு ஓடும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் அது பின்வாங்கும். கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் இளசு, கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் வந்திருந்தால் வளர்ந்தது. அந்த மூக்குச் சதை வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்கு பழுப்பு அல்லது வெளிர் நிறமாகவும் இருக்கும். லுட்டினோ, பைட் போன்ற நிறவகைகளில் இந்தக் கணக்கு தப்பும். சாம்பல் நிறக் காக்டெயிலில் ஆணுக்கு முதல் இறகு உதிர்ப்புக்குப் பிறகு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், பெண்ணுக்கு வாலின் அடியில் கோடுகள் தங்கும். ஆப்பிரிக்கன் லவ் பேர்டையும் கன்யூரையும் கண்ணால் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது, டிஎன்ஏ பரிசோதனைதான். "இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தேன், கன்ஃபர்ம் ஜோடி" என்கிற உத்தரவாதத்துக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

இனி, புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம்: கண் திறந்து சில நாளே ஆன, உடம்பில் குச்சி குச்சியாக இறகு முளைத்த குஞ்சைக் காட்டி, "நீங்களே ஹேண்ட் ஃபீட் பண்ணுங்க, உங்ககிட்ட ஒட்டிக்கும்" என்பார்கள். விலையும் குறைவாக இருக்கும். சிரிஞ்சில் கொடுக்கும் கஞ்சி சற்றுச் சூடு கூடினால் தீனிப்பை வெந்து ஓட்டை விழும், சூடு குறைந்தால் செரிக்காமல் புளிக்கும், வேகமாகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமிடத்தில் இறக்கும். இதைச் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். நீங்கள் தானாகத் தின்னும் குஞ்சைத்தான் எடுக்க வேண்டும். பட்ஜி ஆறு வாரத்துக்கு மேல், காக்டெயில் பத்து வாரத்தை ஒட்டி. "தானா தின்னுது" என்று சொன்னால் மட்டும் போதாது, உங்கள் கண்முன் தினையை உடைத்துத் தின்ன வேண்டும். கைப்பழக்கம் அதற்குப் பிறகும் வரும். தினமும் நீங்கள் கம்பங்கதிர் நீட்டுகிற வீட்டில் எப்படியும் வந்துவிடும்.

உடம்பைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஆள் வந்ததும் எந்தப் பறவையும் விறைப்பாக நின்று நலமாக இருப்பதுபோல் காட்டும். கொஞ்ச நேரம் தள்ளி உட்கார்ந்து ப்ரீடரோடு பேசிக்கொண்டே கவனியுங்கள். இறகைப் பந்துபோல் உப்பிக்கொண்டு கண் சொக்குகிறதா, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, மூக்குத் துளை ஈரமா, அலகைச் சுற்றித் தேன்கூடுபோல் செதில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது பூச்சி, மருந்தில் போகும். முந்தியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். கையில் பிடித்துக் கொடுக்கச் சொல்லி நெஞ்செலும்பைத் தடவினால், இருபக்கமும் சதை இருக்க வேண்டும். கத்திபோல் எலும்பு தட்டுப்பட்டால் பறவை நாளாகவே சரியாகத் தின்னவில்லை.

ஐந்தாவது படி: கைமாறும் பறவையைத் தேடும் விதம்

பறவை மருத்துவரின் கிளினிக்தான் முதல் இடம். "யாராவது கொடுக்கணும்னு சொன்னா என் நம்பரைக் குடுங்க" என்று சொல்லி வையுங்கள். இரண்டாவது, நல்ல ப்ரீடர்களேதான். அவர்களிடம் வாங்கிய பறவையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. விலங்கு நல அமைப்புகளிலும் சில நேரம் பட்ஜியோ காக்டெயிலோ கூண்டோடு வந்து சேரும். கேட்டு வைத்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

பேச்சு வந்ததும் காரணத்தைக் கேளுங்கள். அதைத் தப்பாகக் கேட்டால் எதிராளி குற்றவாளிக் கூண்டில் ஏறியதுபோல் ஆகிவிடுவார். "ஏன் குடுக்கறீங்க?" என்பதற்குப் பதில், "ஒரு நாள் இது என்ன பண்ணும்? காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் தானாக வரும். எத்தனை மணிக்குக் கத்தும், யாரைக் கடிக்கும், எதைத் தின்னாது, ராத்திரி விளக்கை அணைத்தால் பயப்படுமா. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றல், ஆஸ்துமா போன்ற காரணங்கள் பறவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. "கடிக்குது", "கத்துது", "இறகைப் பிடுங்கிக்குது", "ஜோடி இல்லாமலே முட்டை போட்டுக்கிட்டே இருக்கு" என்பவைதான் நீங்கள் எடை போட வேண்டியவை.

இவற்றில் கடி எளிது. பெரும்பாலும் கைகளைக் கண்டு பயம்தான், சில வாரம் கையை உள்ளே விடாமல் குச்சியிலும் கதிரிலும் பழக்கினால் தணியும். கத்துவது பாதி பழக்கம், பாதி இனம். கன்யூரைக் கத்தாதே என்று பழக்க முடியாது. தானாக முட்டை போடும் பெண் காக்டெயிலுக்குப் பானை, இருட்டுப் பெட்டி, கிழிக்கக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை மாட்ட வேண்டும். முட்டை சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இறகைப் பிடுங்கும் பறவையை முதல் பறவையாக எடுக்காதீர்கள். பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் நோயா, சலிப்பா, பூச்சியா, தீனிக் குறையா என்று கண்டுபிடிக்க அனுபவம் உள்ளவருக்கே மாதங்கள் ஆகும், சில பறவைகளுக்கு அந்தப் பழக்கம் போகவே போகாது.

ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து வராதீர்கள். முடிந்தால் வேறு வேறு நேரங்களில் இரண்டு முறை போங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும் ஒருமுறை கூட்டிப்போங்கள். சில பறவைகள் பெண்களிடம் மட்டும் பழகியிருக்கும், அப்பா கண்ணாடியோடு வந்தாலே சீறும்.

பணம்? சும்மா தருகிறவர்களும் உண்டு, கூண்டுக்கு மட்டும் கேட்பவர்களும் உண்டு. கேட்டால் கொடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒருவரே மாதத்துக்கு மூன்று "என் செல்லப் பறவை"களைக் கைமாற்றுகிறார் என்றால் அவர் வியாபாரி. பழைய கூண்டு, விளையாட்டுச் சாமான், அதே பிராண்ட் தீனி ஆகியவற்றைக் கூடவே கேட்டு வாங்குங்கள். வீடு மாறும்போது தெரிந்த கூண்டாவது கூட வரட்டும். கூண்டின் துத்தநாகப் பூச்சு உரிந்திருந்தால் மட்டும் புதியது வாங்குங்கள், அதைக் கொறித்தால் விஷம். இருவரும் ஒரு தாளில் தேதி, இனம், வயது, வளைய எண், "ஒத்துவராவிட்டால் இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. உறவுக்காரர் என்றால் இன்னும் நல்லது.

பால்கனிக்கு வந்த பறவை

இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் பலருக்கு முதல் காக்டெயில் இப்படித்தான் வந்திருக்கிறது. ஜன்னல் திறந்திருந்த ஏதோ ஒரு வீட்டிலிருந்து பறந்து, பசியில் உங்கள் கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கும். காகம் துரத்தும், உள்ளே எடுப்பது சரிதான். அது உங்களுடையது ஆகிவிடாது. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களிலும் பக்கத்துக் கடைகளிலும் சொல்லுங்கள். படம் போடும்போது கால் வளையத்தையும் ஒரு தனி அடையாளத்தையும் மறைத்துவிட்டு, கேட்டு வருகிறவரையே சொல்லச் சொல்லுங்கள். சில வாரம் தேடியும் ஆள் வராவிட்டால் யோசிக்கலாம்.

யாருக்கு எது

என் தீர்ப்பைக் கேட்டால், பட்ஜி வளர்க்க நினைப்பவர் ப்ரீடரிடமே போகலாம். சில நூறு ரூபாயில் இளம் ஜோடி கிடைக்கும். கைமாறி வரும் பட்ஜியின் ஆயுளில் பாதி போயிருக்கும் வாய்ப்பும் அதிகம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுவே.

காக்டெயில் ஒன்றைத் தனியாக, தோளில் உட்கார வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் கைமாறும் பறவையைத் தேடட்டும். ஏற்கெனவே மனிதரோடு பழகிய மூன்று, நான்கு வயதுக் காக்டெயிலுக்கு இன்னும் பத்துக்கு மேற்பட்ட வருடம் இருக்கிறது. குணம் வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது, ஆணா பெண்ணா என்ற குழப்பமும் இல்லை. குஞ்சாக எடுத்தால் நம்மிடம் ஒட்டும், பெரியதாக எடுத்தால் ஒட்டாது என்பது ஊரெல்லாம் பரவிய பேச்சு. காக்டெயில் விஷயத்தில் நான் பார்த்தவரை அது சரியில்லை. கன்யூர், கிரே எல்லாம் இரண்டாவது பறவையாக இருக்கட்டும். அப்போதும் கைமாறும் பறவையையே முதலில் பாருங்கள், தாளோடு.

இரண்டு வழியிலும் ஒத்துவருவது கிடைக்கவில்லை என்றால், மொட்டைமாடியில் தட்டில் ஊறவைத்த அரிசியும் தண்ணீரும் வையுங்கள். ராயப்பேட்டையில் சேகர் என்பவர் பல வருடமாகத் தன் மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகளை வரவழைத்தது ஊரறிந்தது. சட்டச் சிக்கல் இல்லாமல் கிளி பார்க்க அதுதான் வழி.

கடைசிப் படி: முதல் நாற்பது நாள்

காலை வெயில் ஏறும் முன் கொண்டுவாருங்கள். பைக் ஹேண்டிலில் கூண்டைத் தொங்கவிட்டு அல்ல, காற்றுத் துளையிட்ட சின்னப் பெட்டியில், ஆட்டோவிலோ காரிலோ. வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை நாற்பது நாள் வேறு அறையில் வைத்து, பழையதைப் பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் எச்சப் பரிசோதனைக்கு எடுத்துப்போங்கள். கிளியினப் பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நோய் உண்டு. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், புதிதாகப் பறவை வந்திருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெளியே விடும் முன் சீலிங் ஃபேனை அணையுங்கள். நம் வீடுகளில் பூனையைவிட அதிகம் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். அடுப்பில் காய்ந்து புகையும் நான்-ஸ்டிக் தவாவின் ஆவி அடுத்த அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, அந்துருண்டை இருக்கும் அறையில் கூண்டு வேண்டாம். அவகேடோவும் சாக்லேட்டும் வாயில் படக் கூடாது. காக்டெயிலுக்கு இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டில் மோதும் குணம் உண்டு. தீபாவளி வாரத்தில் ஜன்னலைச் சாத்தி, சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள்.

பழைய வீட்டுத் தீனியையே முதல் இரண்டு வாரம் கொடுங்கள், பிறகு மெல்ல மாற்றுங்கள். சூரியகாந்தி விதை மட்டும் தின்று பழகியது தினை, சாமை, கம்பு, முருங்கைக்கீரை என்று வருவதற்கு நாளாகும். பட்டினி போட்டுப் பழக்கப் பார்க்காதீர்கள். அந்த நாட்களில் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். பட்ஜி முப்பது, நாற்பது கிராம் இருக்கும், காக்டெயில் எண்பதிலிருந்து நூறு. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுநாள் வரை பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பழைய வீட்டுக்காரருக்கோ ப்ரீடருக்கோ ஒரு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பி வையுங்கள். திடீரென்று ஒரு நாள் அது தின்னாமல் உட்கார்ந்தால், "உங்ககிட்ட இருந்தப்பவும் இப்படிப் பண்ணுமா?" என்று கேட்க அந்த எண் வேண்டியிருக்கும்.